கவிழ்ந்த குவாட் பைக்குக்குப் பதிலாக எதை வாங்குவது: ஒரு மலைச்சரிவுப் பண்ணையின் நிகழ்வு ஆய்வு

பண்ணை வண்டிகளைப் பழுது பார்ப்பதும், அவற்றை ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் என் வேலை. ஒரு குடும்பம் தங்கள் குவாட் பைக் (ஹேண்டில்பார் பிடித்து ஓட்டும் நான்கு சக்கரப் பண்ணை வண்டி) கவிழ்ந்த பிறகு புது வண்டியைத் தேர்ந்தெடுத்த விதத்தையும், அதற்கடுத்த 14 மாதங்கள் என்ன நடந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். பார்த்த வண்டிகளின் மாடல் பெயர்களையும் சொல்லவில்லை. மாடல்கள் அடிக்கடி மாறும். ஒரு வண்டியில் எதைப் பார்க்க வேண்டும் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

பின்னணி

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் பண்ணை அது. பெரும்பாலும் செம்மறி ஆடுகள், கொஞ்சம் மாடுகள். மொத்தம் 70 ஹெக்டேர். அதில் சமதளம் கால்வாசிகூட இல்லை, மீதி எல்லாம் சரிவு. அக்காவுக்கு 54 வயது, தம்பிக்கு 47. கூட ஒரு வேலையாள், 24 வயது இளைஞர். மூன்று பேரும் ஒரே குவாட் பைக்கைத்தான் மாற்றி மாற்றி ஓட்டினார்கள்.

பழைய வண்டி 400 சிசி வகை. கியர் வண்டி, பின்பக்கம் ஒரே ஆக்சில், தேவைப்படும்போது நான்கு சக்கரமும் இழுக்கும்படி மாற்றிக்கொள்ளலாம். 11 வருடம் பெரிய செலவு வைக்காமல் ஓடியது. டிராக்டர் போகாத இடத்துக்கெல்லாம் அதுதான் போனது: தீவன மூட்டை, வேலிக்கம்பி, நோய்கண்ட ஆட்டுக்குட்டி, களைக்கொல்லி டேங்க் என்று எல்லாம் அதன் மேல்தான். அதனால் அதை யாரும் ஆபத்தான இயந்திரமாகப் பார்க்கவில்லை.

கவிழ்ந்த நாள்

தம்பி மேல்சரிவில் களைக்கொல்லி அடித்துக்கொண்டிருந்தார். பின் கேரியரில் 60 லிட்டர் டேங்க், அதில் பாதிதான் மருந்து. சரிவுக்குக் குறுக்காக, நடக்கும் வேகத்தில் போயிருக்கிறார். வலது கட்டைவிரல் ஆக்சிலரேட்டரில், இடது கையில் தெளிப்புக் குழல். புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு கல்லின் மேல் மேட்டுப்பக்க முன்சக்கரம் ஏறியது. வண்டி பள்ளப்பக்கமாகச் சாய ஆரம்பித்ததும் மேட்டுப்பக்கம் குதித்துவிட்டார். அவரைக் காப்பாற்றியது அதுதான். வண்டி ஒரு சுற்று உருண்டு புதரில் மோதி நின்றது. அவருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஹெல்மெட் போட்டிருக்கவில்லை.

ஹேண்டில்பாரும் கேரியரும் வளைந்துவிட்டன, முன்பக்க ஆக்சில் போய்விட்டது. பழுது பார்ப்பதில் அர்த்தம் இல்லை என்று நான்தான் சொன்னேன். ஒரு வாரத்துக்குள் தம்பி புது வண்டியை மனசுக்குள் தேர்ந்தெடுத்துவிட்டார்: 700 சிசி வகை, 100 லிட்டர் டேங்க். வண்டி பெரிதாக இருந்தால் அவ்வளவு லேசில் சாயாது என்பது அவர் நம்பிக்கை. டேங்க் பெரிதானால் ஏறி இறங்கும் தடவைகளும் குறையும் என்று நினைத்தார். அக்காவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. "வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து இடத்தைப் பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார்.

இடத்தில் பார்த்தது

முதலில் கல் இருந்த இடத்தை அளந்தோம். செல்போனில் உள்ள சாய்வுமானியை ஒரு நேரான பலகையின் மேல் வைத்துப் பார்த்ததில் 19 டிகிரி. பண்ணையில் அதைவிடச் செங்குத்தான இடங்கள் உண்டு, அங்கெல்லாம் வருடக்கணக்காக ஓட்டியிருக்கிறார்கள். பிறகு ஏன் இங்கே?

கணக்கை அவர்கள் முன்னால் ஒரு தாளில் போட்டேன். வண்டியின் இடது வலது சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய 90 செ.மீ. கல்லின் உயரம் 15 செ.மீ. ஒரு பக்கச் சக்கரம் 15 செ.மீ. உயர்ந்தால் சாய்வு இன்னும் 9 டிகிரிக்கு மேல் கூடும். சஸ்பென்ஷன் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் என்றாலும், பள்ளப்பக்கம் நடந்தது அந்த லாபத்தைத் தின்றுவிட்டது. பள்ளப்பக்கப் பின்டயரில் காற்று 3 பி.எஸ்.ஐ., மேட்டுப்பக்கத்தில் 8. கையேடு சொல்வது இரண்டுக்கும் 5. இறங்கிய டயர் அமுங்கி வண்டியை இன்னும் பள்ளப்பக்கமே சாய்த்திருக்கிறது. அவர்களிடம் இருந்தது கார் டயர் கேஜ். அதில் முதல் கோடே 10-இல்தான் ஆரம்பிக்கிறது. அதை வைத்து குவாட் டயரை அளக்கவே முடியாது.

அடுத்தது டேங்க். கேரியரின் மேல் உட்காரும் டேங்கின் எடை தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பாதி நிறைந்த டேங்கில் 30 கிலோ திரவம் தடுப்பு ஏதும் இல்லாமல் அலம்பும். வண்டி சாயும் பக்கமே அதுவும் ஓடும். நிறைந்த டேங்கில் அந்த ஓட்டம் குறைவு, ஆனால் மொத்த எடை அதிகம். எப்படிப் பார்த்தாலும் சரிவில் அது கெட்ட சுமை.

கடைசியாக ஓட்டுபவரின் கை. குவாட் பைக் ஓட்டுபவர் உடம்பை அசைத்து ஓட்ட வேண்டிய வண்டி. குறுக்குச் சரிவில் போகும்போது இடுப்பை நகர்த்தி மேட்டுப்பக்கம் சாய்ந்து உட்கார வேண்டும். 300 கிலோ வண்டியின் மேல் 92 கிலோ மனிதர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது பெரிய விஷயம். ஒரு கையில் தெளிப்புக் குழலோடு, கண்ணைக் களையில் வைத்துக்கொண்டு, நடுவில் நேராக உட்கார்ந்திருந்தால் அந்தப் பலம் முழுக்க வீண். இடது கை பிரேக்கிலும் இல்லை.

ஆக, 19 டிகிரி, கல், காற்று இறங்கிய டயர், அலம்பும் டேங்க், நேராக உட்கார்ந்த உடம்பு. இதில் எதையும் என்ஜினின் சிசி சரிசெய்யாது. அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் தம்பி வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

இரண்டு வாரக் குறிப்பேடு

ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு வேலை கொடுத்தேன். பக்கத்துப் பண்ணையிலிருந்து இரவல் வாங்கிய வண்டியில் 14 நாள் ஓட்டும்போது, ஒவ்வொரு பயணத்தையும் எழுத வேண்டும்: யார் ஓட்டினார், எங்கே போனார், என்ன ஏற்றினார், எத்தனை கிலோ. அக்கா ஒரு நோட்டைக் கொட்டகைக் கதவில் கட்டித் தொங்கவிட்டார். மொத்தம் 61 பயணங்கள்.

27 தடவை வெறுமனே ஆடுகளையும் வேலியையும் பார்த்து வருவதற்கு. தீவனம் கொண்டுபோக 14, வேலிச் சாமானோடு 9, டிரெய்லர் இழுத்தது 7. மருந்து தெளித்தது 4 தடவை மட்டுமே. விபத்து நடந்த வேலையும், 700 சிசி வேண்டும் என்ற எண்ணத்தைக் கிளப்பிய வேலையும் அந்த நாலுதான்.

நோட்டில் இன்னொன்றும் இருந்தது, யாரும் எதிர்பார்க்காதது. 61-இல் 11 தடவை இரண்டு பேர் ஏறிப் போயிருக்கிறார்கள். பண்ணை வேலைக்கான குவாட் பைக்கின் சீட் நீளமாக இருப்பது ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்வதற்காக. இன்னொருவர் உட்கார அல்ல. பின்னால் ஒருவர் இருந்தால் ஓட்டுபவர் நகர முடியாது. எடை பின்னச்சுக்குப் பின்னால் போய்விடும். மேடேறும்போது முன்சக்கரம் தூக்கும். அந்த 11 தடவையிலும் எதுவும் நடக்கவில்லை என்பதால்தான் அது பழக்கமாகியிருந்தது.

பிறகு சுமைக்கணக்கு. வண்டியின் மொத்தச் சுமை அளவில் ஓட்டுபவரின் எடையும் சேர்த்தி என்பது பலருக்குத் தெரிவதில்லை. டிரெய்லர் கொக்கியில் அழுத்தும் எடையும் அதற்குள்தான் வரும். 220 கிலோ தாங்கும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். தம்பி 92 கிலோ, ஹெல்மெட், பூட்ஸ், கைக்கருவிகள் 6 கிலோ. மிச்சம் 122. 100 லிட்டர் டேங்க், மோட்டார், சட்டம் எல்லாம் சேர்ந்து 118 கிலோ. மொத்தக் கணக்கில் தப்பிக்கும், ஆனால் பின் கேரியரின் தனி அளவைத் தாண்டிவிடும். 450 சிசி வகையில் அவர்கள் பார்த்த ஒரு வண்டியில் பின் கேரியர் 80 கிலோ. அதே கம்பெனியின் 700 சிசி வண்டியில் 90. என்ஜின் ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதானாலும் கேரியர் 10 கிலோதான் கூடுதலாகத் தாங்குகிறது. பெரிய டேங்க் என்ற எண்ணம் அந்த இடத்தில் விழுந்தது.

கைவிட்ட வழி

என் முதல் யோசனை குவாட் பைக்கே அல்ல. பக்கத்தில் பக்கத்தில் இருவர் உட்காரும், ஸ்டீயரிங் வீலும் சீட் பெல்ட்டும் மேலே கூண்டும் உள்ள பண்ணை வண்டியைச் சொன்னேன். இரண்டு பேர் போகலாம், பின்னால் தொட்டி உண்டு, கவிழ்ந்தாலும் கூண்டுக்குள் பெல்ட்டோடு இருப்பவருக்கு இடம் மிஞ்சும். இந்தப் பண்ணையின் வேலையில் பாதிக்கு மேல் அதற்குப் பொருந்தும்.

தடை ஒன்றே ஒன்று. மேல்மேய்ச்சலுக்குப் போகும் பாதை மூன்று இடங்களில் 1.3 மீட்டர்தான். ஒரு பக்கம் கற்சுவர், மறுபக்கம் ஓடைப்பள்ளம். இந்த வகையில் நாங்கள் பார்த்தவை ஏறக்குறைய 1.5 மீட்டர் அகலம். 50 அங்குலம், அதாவது 1.27 மீட்டர் அகலத்தில் குறுகிய வகைகளும் உண்டு. ஆனால் 3 செ.மீ. இடைவெளியில் தினமும் பள்ளத்தின் ஓரம் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுவரை இடித்துப் பாதையை அகலப்படுத்த அந்த வருடம் அவர்களுக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. சரி, குவாட் பைக்தான் என்று முடிவானது.

மூன்று வண்டிகள்

பட்டியல் மூன்றாகச் சுருங்கியது.

முதலாவது தம்பி விரும்பிய 700 சிசி வகை: பெல்ட் டிரைவ், பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், பவர் ஸ்டீயரிங். இரண்டாவது 500 சிசி வகை: கியர் டிரைவ், பின்பக்கம் ஒரே ஆக்சில், பழைய வண்டியின் அடுத்த தலைமுறை மாதிரி. மூன்றாவது 450 சிசி வகை: பெல்ட் டிரைவ், தனித்தனி சஸ்பென்ஷன், பவர் ஸ்டீயரிங்.

ஆக்சில் விஷயத்தில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஒரே ஆக்சில் உள்ள வண்டி சுமை ஏற்றினாலும் அதிகம் தாழாது, தேயும் இணைப்புகளும் குறைவு. ஆனால் ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் பின்பக்கம் முழுக்கச் சாயும், நடுவில் தொங்கும் ஆக்சில் தரைக்கு நெருக்கம். தனித்தனி சஸ்பென்ஷனில் தரை இடைவெளி அதிகம், முதுகுக்கு நல்லது. சுமையில் பின்பக்கம் கொஞ்சம் உட்காரும், புஷ்கள் என்ற இணைப்பு வளையங்களும் பூட்கள் என்ற ரப்பர் உறைகளும் பராமரிப்பு கேட்கும்.

டிரைவ் விஷயத்தை இன்னும் கவனமாகப் பார்க்கச் சொன்னேன், ஏனென்றால் இறக்கத்தில் உயிர் அதில்தான் தொங்குகிறது. கியர் வண்டியில் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் பல்சக்கரப் பிணைப்பு. ஆக்சிலரேட்டரை விட்டால் என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஹோண்டா தன் பண்ணை வண்டிகளில் பெரும்பாலும் இந்த வழியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. பெல்ட் வண்டியில் கப்பி விரிந்து சுருங்கி விகிதத்தை மாற்றும். ஓட்டுவது எளிது. ஆனால் என்ஜின் வேகம் மிகவும் குறைந்தால் சில அமைப்புகளில் பெல்ட்டின் பிடி விட்டு, இறக்கத்தில் வண்டி தானாக உருள ஆரம்பிக்கும். இதைத் தடுக்க யமஹா தன் அல்ட்ராமாட்டிக் அமைப்பில் ஒருவழிக் கிளட்ச் வைத்து, பெல்ட்டை எப்போதும் இழுவிசையிலேயே வைத்திருக்கிறது. பெல்ட் என்றால் எல்லாம் ஒன்று என்று எண்ணி வாங்கக் கூடாது. இறக்கத்தில் பெல்ட் பிடி விடுமா என்ற இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

சாய்வு எண்ணையும் கேட்டோம். ஆஸ்திரேலியாவில் 2019-இல் கொண்டுவந்த குவாட் பைக் பாதுகாப்பு விதி, எந்தச் சாய்வில் வண்டி இரண்டு சக்கரத்துக்கு வருகிறது என்பதை அட்டையில் எழுதித் தொங்கவிடச் சொல்கிறது. 2021 அக்டோபர் முதல் அங்கே விற்கும் புதிய பண்ணைக் குவாட்கள் பக்கவாட்டில் குறைந்தது 28.81 டிகிரியும், முன்பின்னாக 38.65 டிகிரியும் தாங்க வேண்டும். ஓட்டுபவரைக் காக்கும் சட்டகமும் வண்டியில் பொருத்தியிருக்க வேண்டும். தயாரிப்பாளர்களில் சிலர் இதை எதிர்த்தார்கள், சிலர் அந்தச் சந்தையை விட்டே போனார்கள். குவாட் பைக்குக்கு முன்னோடியான மூன்று சக்கர வண்டி காலத்திலிருந்தே நிலைப்பைப் பற்றிய இந்தச் சண்டை நடக்கிறது. அமெரிக்காவில் 1988-இல் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு மூன்று சக்கர வகையின் விற்பனையைக் கம்பெனிகள் நிறுத்தின. 28.81 என்ற எண் மேடுபள்ளம் இல்லாத சோதனைமேடையில் அசையாமல் நிற்கும் வண்டிக்கு. 19 டிகிரியில் ஒரு கல் என்ன செய்யும் என்று ஏற்கெனவே பார்த்தோம். ஆனாலும் இரண்டு வண்டியை ஒப்பிட இதைவிட நேர்மையான எண் வேறு எனக்குத் தெரியாது. எங்கள் மூன்றில் சாய்வு எண் அதிகம் இருந்தது பெரிய வண்டிக்கு அல்ல, 450-க்கு.

அவர்கள் சரிவிலேயே ஓட்டிப் பார்த்தது

விற்பவர் மூன்று வண்டியையும் பண்ணைக்குக் கொண்டுவரச் சம்மதித்தார். அதற்கு ஒப்புக்கொள்ளாத இடத்தில் வாங்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். ஷோரூம் வாசலில் ஒரு சுற்று ஓட்டினால் தெரிவது சீட்டின் மெத்தை மட்டும்தான்.

முதல் சோதனை நின்றபடியே. மூன்று பேரும் ஒவ்வொருவராக ஏறி, ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுக்கத் திருப்ப வேண்டும். தூரத்துக் கைப்பிடி எட்டுகிறதா? எட்டும்போதே இடுப்பைப் பக்கவாட்டில் நகர்த்த முடிகிறதா? எழுந்து நின்றால் சீட்டுக்கும் உடம்புக்கும் இடைவெளி வருகிறதா? அக்கா 155 செ.மீ. உயரம், 58 கிலோ. 700-இல் முழுத் திருப்பத்தில் அவர் தோள் முன்னால் இழுபட்டு, உடம்பு ஹேண்டில்பாரின் மேல் கவிழ்ந்துவிட்டது. அந்த நிலையில் அவரால் மேட்டுப்பக்கம் சாயவே முடியாது. 500-இல் பரவாயில்லை. 450-இல் சரியாக இருந்தது. குறிப்பேட்டின்படி அதிகம் ஓட்டுபவர் அக்காதான், 61-இல் 29 தடவை. வண்டியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தவரோ தம்பி. பல பண்ணைகளில் இப்படித்தான் இருக்கிறது.

இரண்டாவது, கீழே சமதளமாக முடியும் 15 டிகிரி இறக்கம். முன்னும் பின்னும் மணல்மூட்டை, மொத்தம் 50 கிலோ. லோ கியரில் (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை, பெல்ட் வண்டியிலும் உண்டு) மெதுவாக இறங்கி, நடுவில் ஆக்சிலரேட்டரை முழுக்க விட வேண்டும். கியர் வண்டி கல்லைப் போல் நின்று இறங்கியது. மூன்றில் ஒரு பெல்ட் வண்டி, நடைவேகத்துக்கும் கீழே வந்தபோது ஒரு கணம் பிடி விட்டு உருண்டது. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டதும் திரும்பப் பிடித்தது. பழகியவருக்கு அது தெரியும். பயந்துபோன 24 வயது இளைஞருக்கு இறக்கத்தில் ஆக்சிலரேட்டரைத் தொட மனம் வராது. அவர் பிரேக்கைத்தான் இறுக்குவார், சக்கரம் பூட்டிச் சறுக்கும். இன்னொரு பெல்ட் வண்டி, அந்த 450, கடைசிவரை பிடித்தபடியே இறங்கியது.

மூன்றாவது சோதனை கல் நிறைந்த பாதையில் 20 நிமிடம். 500-இல் போய் வந்த அக்கா இறங்கி முதுகைப் பிடித்துக்கொண்டார். எழுதிவைக்க அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

முடிவும் அதன் காரணங்களும்

450 சிசி வண்டியை வாங்கினார்கள். மூன்று பேருக்கும் பொருந்தியது, இறக்கத்தில் விடவில்லை, சாய்வு எண் நன்றாக இருந்தது, எடையும் குறைவு. என் வாக்கும் அதற்கே.

வண்டியோடு சேர்ந்து எடுத்த முடிவுகள்தான் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டன. சரிவில் மருந்து தெளிக்கும் வேலையை வண்டியின் மேலிருந்தே எடுத்துவிட்டோம். டேங்க் இப்போது சிறு டிரெய்லரில், தடுப்புச் சுவர் உள்ள வகை. டிரெய்லரைப் பாதையில் சமமான இடத்தில் நிறுத்தி, 50 மீட்டர் குழாயை இழுத்துக்கொண்டு நடந்து தெளிக்கிறார்கள். வேகம் குறைவுதான். தம்பி அதற்குத்தான் அதிகம் முகம் சுளித்தார்.

சீட்டுக்குப் பின்னால் காப்புச் சட்டம் பொருத்தினோம். வண்டி உருண்டால் முழு எடையும் மனிதர் மேல் படுக்காமல் இடைவெளி வைப்பது அதன் வேலை. மெதுவாக ஓடும் பண்ணை வேலையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் மோதலைவிட, வண்டிக்கு அடியில் சிக்கி மூச்சு முட்டுவதே. அதனால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அப்புறம் மூன்று ஹெல்மெட், 0 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை காட்டும் கேஜ், பின்னால் யாரும் ஏறக் கூடாது என்ற விதி. 19 டிகிரி இடத்தையும் அதைப்போன்ற மூன்று இடங்களையும் கம்பு நட்டு, குறுக்காகப் போகக் கூடாத இடமென்று அடையாளம் வைத்தார்கள். மூன்று பேருக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுத்தேன்.

அடுத்த 14 மாதங்கள்

இரண்டாவது மாதம், தோட்டப் பாதையில் தாழ்ந்த கிளைகளில் காப்புச் சட்டம் மாட்டுகிறது என்று தம்பி அதைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து அக்கா கவனித்திருக்கிறார். சண்டை போடவில்லை. அரிவாளும் ரம்பமும் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் கிளைகளை வெட்டினார், தம்பியும் கூடப் போனார். சட்டம் திரும்ப ஏறியது.

ஐந்தாவது மாதம் ஒரு கெட்ட கணம். இளைஞர் பின் கேரியரில் 60 கிலோ தீவனத்தோடு மேடேறும்போது நடுவில் நின்றுவிட்டு, திரும்பக் கிளப்பியதும் முன்சக்கரங்கள் தரையை விட்டன. அவர் முன்னால் சாய்ந்து ஆக்சிலரேட்டரை விட்டார், சக்கரம் இறங்கியது. 60 கிலோ கேரியரின் அளவுக்குள்தான். ஆனால் முன் கேரியர் காலியாக இருந்தது. அன்றிலிருந்து மேட்டுக்குப் போகும் மூட்டை முதலில் முன்னால்தான். அவர் அன்று மாலையே எனக்குத் தொலைபேசியில் சொன்னார். பலர் மறைத்திருப்பார்கள்.

எட்டாவது மாதம் பெல்ட் தீய்ந்தது. தம்பி டிரெய்லரோடு மெதுவான ஏற்றத்தில் ஹை கியரிலேயே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மெதுவான வேகத்தில் சுமை இழுக்கும்போது லோ போட வேண்டும், இல்லையென்றால் பெல்ட் கப்பியில் வழுக்கிச் சூடேறும். இதைப் பயிற்சியில் ஒரு வாக்கியமாகச் சொன்னேன், செய்துகாட்டவில்லை. அது என் தவறு.

மழைக்காலத்தில் இன்னொன்று. ஓடையைக் கடக்கும்போது பெல்ட் அறைக்குள் தண்ணீர் புகுந்து, நடு ஓடை தாண்டியதும் இழுவை போய்விட்டது. தண்ணீரை வடித்து, நியூட்ரலில் என்ஜினை ஓட்டிக் காயவைத்த பிறகே கிளம்ப முடிந்தது. அந்த மழைக்காலத்தில் மட்டும் மூன்று தடவை இப்படி. அக்கா மறுகரையில் ஆடுகளோடு ஒரு மாலை முழுக்க நின்றிருக்கிறார். கியர் வண்டியில் இந்தத் தொல்லை வந்திருக்காது.

இந்த 14 மாதத்தில் வண்டி கவிழவில்லை. இதை ஆதாரமாக நான் நீட்டமாட்டேன், பழைய வண்டியும் 11 வருடம் கவிழாமல்தான் ஓடியது. நான் நம்பிப் பார்ப்பது கொட்டகைக் கதவில் இன்னும் தொங்கும் அந்த நோட்டைத்தான். டயர் காற்று வாரம் ஒருமுறை எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு பேர் ஏறிய பயணம் கடந்த மூன்று மாதத்தில் ஒன்றுகூட இல்லை. அதற்கு முன் நான்கு உண்டு, அவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

மாற்றிச் செய்வதாக இருந்தால்

குறிப்பேட்டை வறண்ட இரண்டு வாரத்தில் எழுதவைத்தேன். ஓடையில் அப்போது தண்ணீரே இல்லை, அதனால் 61 பயணத்தில் ஒன்றுகூட நீரைக் கடக்கவில்லை. ஆண்டு முழுக்க நடப்பதை வாய்வார்த்தையாகவாவது கேட்டிருக்க வேண்டும்: எந்த மாதம் எந்த இடம் நனையும், குட்டி ஈனும் காலத்தில் எத்தனை தடவை போவீர்கள், இரவில் ஓட்டுவீர்களா என்று. ஓடையின் ஆழம் அன்றே தெரிந்திருந்தால் 500 சிசி கியர் வண்டியை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்கியிருக்கமாட்டேன். அதே கியர் டிரைவ், தனித்தனி சஸ்பென்ஷனோடு வரும் வகையையும் தேடியிருப்பேன். அக்காவின் முதுகுக்கும் ஓடைக்கும் சேர்த்து அது பதிலாக இருந்திருக்கலாம்.

பயிற்சியை ஒரே நாளில் முடித்திருக்கக் கூடாது. டிரெய்லர் மாட்டி, லோ கியரில், அவர்கள் ஏற்றத்திலேயே இன்னொரு அரைநாள் வேண்டியிருந்தது. அதை இப்போது செய்துவிட்டோம்.

பாதையை அகலப்படுத்தும் யோசனையை நான் இன்னும் விடவில்லை. அடுத்த வறண்ட காலத்தில் கற்சுவரை இரண்டு இடத்தில் தள்ளிக் கட்ட அக்கா ஆள் பேசியிருக்கிறார். முடிந்ததும் அளவுநாடாவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.